‘இரண்டையும் அடுத்தடுத்துப் பெற்றுவிடு’ என்கிறார்கள்: எவ்வளவு இடைவெளி வேண்டும்?

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து 31 வயது வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

திருமணம் தாமதமாக நடந்திருக்கிறது. எட்டு மாதங்களுக்கு முன் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8.4-க்கு இறங்கியதால் இரும்புச்சத்து மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். பிரசவ அறையில் வலியோடு படுத்திருந்தபோது ஒரு செவிலியர் படிவத்தை நீட்டி, “காப்பர் டி வைத்துவிடலாமா?” என்று கேட்டார். பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்னும் மாதவிடாய் வரவில்லை, தாய்ப்பால் கொடுக்கிறார், இரண்டு மாதமாகக் குழந்தைக்கு ராகிக் கூழும் இட்லியும் ஊட்டுகிறார். கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். மாதம் இருமுறை வீட்டுக்கு வருகிறார். “பால் குடிக்கிற வரைக்கும் தரிக்காது, தரித்தாலும் நல்லதுதான், வயசு ஏறுது, இரண்டையும் அடுத்தடுத்துப் பெற்று ஒரே சிரமமாக வளர்த்துவிட்டு ஆபரேஷன் பண்ணிக்கொள்” என்பது மாமியாரின் யோசனை. இதற்கிடையே, கருத்தடை பெருகியதால் உலக அளவில் தாய்மரணம் பாதியளவு குறைந்திருக்கிறது என்று ஒரு பொதுச் சுகாதார அறிஞரின் ஆய்வைப் பற்றி வாசகி படித்திருக்கிறார். அது ஏழை நாடுகளுக்குத்தானே, எனக்கும் பொருந்துமா என்று கேட்கிறார். அடுத்த பிரசவம் சுகப்பிரசவமாக வாய்ப்புண்டா, எந்தக் கருத்தடை முறை ஏற்றது, கணவர் கையெழுத்து வேண்டுமா என்பவை மற்ற கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளைக் காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். மருந்துக்கடையில் கிட் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே செய்வார்கள். ‘பால் கொடுக்கும்வரை தரிக்காது’ என்பதில் பாதி உண்மை உண்டு. 1988-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் இதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார்கள்: பிரசவத்துக்குப் பின் மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, குழந்தைக்கு ஏறக்குறைய முழு உணவும் தாய்ப்பாலாகவே இருக்க வேண்டும், குழந்தை ஆறு மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் 98 விழுக்காடு பாதுகாப்பு உண்டு. உங்கள் குழந்தைக்கு எட்டு மாதம், கூழும் இட்லியும் சாப்பிடுகிறாள். இரண்டு நிபந்தனைகள் ஏற்கெனவே விட்டுப்போயின. மாதவிடாய் வராதது மட்டும் காவல் ஆகாது. முதல் மாதவிடாய்க்கு இரண்டு வாரம் முன்பே கருமுட்டை வெளிவந்துவிடக்கூடும் என்பதால், மாதவிடாயையே பார்க்காமல் அடுத்த கர்ப்பம் தரித்த தாய்மார்களை மகப்பேறு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

நீங்கள் படித்த ஆய்வு

நீங்கள் குறிப்பிடுவது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சைஃபுதீன் அகமது, ஏமி சுயி உள்ளிட்டோர் 2012-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். 172 நாடுகளின் தரவுகளை எடுத்துக்கொண்டு, 2008-ஆம் ஆண்டில் யாருமே கருத்தடை பயன்படுத்தாமல் இருந்திருந்தால் எத்தனை தாய்மார்கள் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். கருத்தடையால் அந்த ஓராண்டில் சுமார் 2,72,000 தாய்மரணங்கள் தவிர்க்கப்பட்டன, அதாவது 44 விழுக்காடு குறைந்தது என்பது அவர்களின் மதிப்பீடு. கருத்தடை வேண்டும் என்று விரும்பியும் கிடைக்காத பெண்களுக்கும் அது கிடைத்தால் ஆண்டுக்கு மேலும் 1,04,000 உயிர்களைக் காக்கலாம் என்றும் சொன்னார்கள்.

இந்தக் கணக்கின் அடிப்படை எளிமையானது. கர்ப்பமாகாத பெண் கர்ப்பத்தால் இறப்பதில்லை. ஆகவே கர்ப்பங்களின் எண்ணிக்கை மிகுதியாகவும் மருத்துவமனை தொலைவாகவும் இருக்கும் நாடுகளில்தான் இந்தப் பலன் பெரிதாகத் தெரியும். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. 2018–20 காலகட்டத்தில் இங்கே தாய்மரண விகிதம் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 54, இந்தியாவுக்கு 97. ஆகவே 44 விழுக்காடு என்ற எண்ணை உங்கள் உடம்புக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது என்று நீங்கள் நினைத்தது சரிதான். ஆனால், ‘அப்படியானால் இது எனக்குத் தேவையில்லை’ என்று அடுத்து நினைத்தது சரியில்லை. உங்கள் கேள்வி எத்தனை குழந்தைகள் என்பதைப் பற்றியதல்ல. எப்போது என்பதைப் பற்றியது. அதற்கு வேறு ஆய்வுகளைப் பார்க்க வேண்டும்.

இடைவெளியைப் பற்றிப் பெரிதும் பேசப்பட்ட ஆய்வு அகுஸ்தின் கோண்டே-அகுடேலோவும் ஹோசே பெலிசானும் 2000-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியிட்டது. லத்தீன் அமெரிக்க நாடுகளின் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் மகப்பேறு பதிவேடுகளை ஆராய்ந்தார்கள். முந்தைய பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதத்துக்குள் மீண்டும் கருவுற்றவர்களிடம், 18 முதல் 23 மாதம் இடைவெளி விட்டவர்களைக் காட்டிலும் தாய்மரணம் சுமார் இரண்டரை மடங்கு. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இரத்தப்போக்கு, பனிக்குடம் முன்கூட்டியே உடைதல், பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையில் கிருமித்தொற்று, இரத்தசோகை ஆகியவையும் அவர்களிடம் கூடுதல். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி விட்டவர்களுக்கு மகப்பேறு கால இரத்தக்கொதிப்பும் வலிப்பும் கூடியது. உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2005-இல் இத்தகைய ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்து, பிரசவத்துக்குப் பின் குறைந்தது 24 மாதங்கள் கழித்து அடுத்த கர்ப்பத்துக்கு முயலலாம் என்று பரிந்துரைத்தது. இந்த 24 மாதம் பிரசவத்திலிருந்து அடுத்த கரு தரிக்கும்வரை உள்ள காலம். பலர் இதை இரண்டு பிரசவங்களுக்கு இடைப்பட்ட காலம் என்று எண்ணிக்கொள்வதால் ஒன்பது மாதம் குறைந்துபோகிறது.

இந்த ஆய்வுகளின் மறுபக்கத்தையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். குறுகிய இடைவெளியில் கருவுறும் பெண்கள் பலருக்கு வறுமை, மருத்துவ வசதியின்மை, திட்டமிடாத கர்ப்பம் ஆகியவையும் சேர்ந்தே இருக்கும். தீங்குக்குக் காரணம் இடைவெளியா, அந்தச் சூழலா? மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மூன்று குழந்தைகள் பெற்ற 40,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களை எடுத்து, ஒரே தாயின் வெவ்வேறு கர்ப்பங்களை ஒப்பிட்ட 2014-ஆம் ஆண்டு ஆய்வில், குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைவுக்கும் குறுகிய இடைவெளியோடு இருந்த தொடர்பு பெரிதும் மங்கிப்போனது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2018-இல் வெளியான ஆய்வு இன்னும் நுட்பமானது. 20 முதல் 34 வயதுள்ள தாய்மார்களுக்கு ஆறு மாத இடைவெளியால் தாயின் உயிருக்கான ஆபத்தோ கடும் உடல்நலக் கேடோ கூடவில்லை. ஆனால் குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு நேர்வது 18 மாத இடைவெளியில் 1.4 விழுக்காடாகவும் ஆறு மாத இடைவெளியில் 2 விழுக்காடாகவும் இருந்தது. 35 வயதைக் கடந்தவர்களுக்கோ தாயின் ஆபத்து 0.26-இலிருந்து 0.62 விழுக்காடாக உயர்ந்தது.

உங்கள் வயதையும் நீங்கள் ஏற்கெனவே எட்டு மாதங்களைக் கடந்துவிட்டதையும் பார்த்தால், மிகவும் அச்சமூட்டும் எண்கள் உங்களுடையவை அல்ல. பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்தாலும் கலங்க வேண்டாம் என்பதற்காகவே இதை விரிவாகச் சொன்னேன். ஆனால் கனடா ஆய்வில் இடம்பெற்ற பெண்களின் பொதுநிலை வேறு, உங்கள் நிலை வேறு. கர்ப்பத்திலேயே 8.4-க்கு இறங்கிய இரத்தமும், எட்டு மாதத் தையலும் உங்கள் கணக்கில் இருக்கின்றன. இந்த இரண்டும்தான் என்னைப் பொறுத்தவரை உங்கள் இடைவெளியைத் தீர்மானிக்க வேண்டியவை.

இரத்தமும் தையலும்

பிரசவத்துக்குப் பின் அந்த 8.4 எவ்வளவு ஏறியது என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை; யாரும் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். கர்ப்ப காலத்தில் மாதந்தோறும் இரத்தம் பார்க்கும் நாம், குழந்தை கைக்கு வந்ததும் தாயை மறந்துவிடுகிறோம். இது எனக்கு நெடுங்காலமாகவே உள்ள வருத்தம். பிரசவித்த தாய்மார்களுக்கு ஆறு மாதம் நாள்தோறும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை தர வேண்டும் என்பது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. நீங்கள் மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் என்று ஒரே மாதத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பு. அதனால் கெடுதல் இல்லை. காப்பி, டீ, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் இந்தப் பள்ளத்தை அதனால் மட்டும் நிரப்ப முடியாது. இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் அது இரத்தசோகை. 12-ஐத் தொட்டு, அதன் பிறகும் சில மாதங்கள் மாத்திரை சாப்பிட்டு, உடம்பில் இருப்பு சேர்ந்த பின் அடுத்த கர்ப்பத்தை நினைக்கலாம். பிரசவத்தில் இரத்தப்போக்கு யாருக்கும் நேரலாம். 12 உள்ளவர் தாங்கிக்கொள்ளும் இழப்பை 8 உள்ளவரால் தாங்க முடியாது.

தையலைப் பொறுத்தவரை, வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பு ஆறிவிட்டதால் உள்ளே கர்ப்பப்பையில் உள்ளதும் உறுதியாகிவிட்டது என்று பொருளில்லை. முந்தைய சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவத்துக்கு முயல்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அது கைகூடுகிறது. சுமார் 200 பேரில் ஒருவருக்குப் பழைய தழும்பு பிளக்கிறது. முந்தைய பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் இடையே ஒன்றரை ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் இந்த ஆபத்து கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் இப்போதே கருவுற்றால் 17 மாத இடைவெளியில் பிரசவம் வரும். சுகப்பிரசவ ஆசை உங்களுக்கு உண்மையாகவே இருக்குமானால், அதற்காக இன்றே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி காத்திருப்பதுதான். முதல் சிசேரியன் எதற்காகச் செய்தார்கள், கர்ப்பப்பையை எந்தத் திசையில் கீறினார்கள் என்ற விவரம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். உங்களிடம் அது இல்லையென்றால் அந்த மருத்துவமனையிலிருந்து பிரதி கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த பிரசவத்தை, இருபத்துநான்கு மணி நேரமும் அறுவை சிகிச்சையும் இரத்தமும் கிடைக்கும் இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

வயது ஏறுகிறது என்று மாமியார் கவலைப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பும்போது உங்களுக்கு 32 அல்லது 33 வயதுதான் ஆகியிருக்கும். அப்போது முயன்று, கருவுற ஓராண்டே ஆனாலும் 35-ஐ ஒட்டிப் பிரசவம் முடிந்துவிடும். இரண்டு வயதுவரை பொறுக்க முடியாது என்று வீட்டில் நெருக்கினால், இரத்தம் 12-ஐத் தொட்டிருக்கிறது என்ற நிபந்தனையோடு ஒன்றரை வயதுக்குப் பின் முயல்வதை நான் தடுக்க மாட்டேன். அதற்கு முன் வேண்டாம்.

எந்த முறை?

‘அடுத்தடுத்துப் பெற்றுவிட்டு ஆபரேஷன்’ என்பது உங்கள் மாமியாரின் யோசனை மட்டுமல்ல. தமிழ்நாட்டின் பழக்கமே அதுதான். இங்கே குழந்தை பெறும் வயதில் உள்ள மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இரண்டு குழந்தைகளுக்கு நடுவே பயன்படுத்தும் தற்காலிக முறைகளை நாம் ஏறக்குறைய தாண்டியே போய்விட்டோம். அதனால்தான் அவற்றைப் பற்றி இவ்வளவு பயம்.

காப்பர் டி மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. ஆயிரத்தில் ஒருவருக்கு, பொருத்தும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைக்கலாம். பால் கொடுக்கும் காலத்தில் இது சற்றுக் கூடுதல் என்பதால் அனுபவமுள்ளவரிடம் பொருத்திக்கொள்ள வேண்டும். எடுத்த உடனேயே கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடுவதால் உங்கள் திட்டத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். ஒரே தயக்கம், முதல் சில மாதங்களில் மாதவிடாய் இரத்தப்போக்கைக் கூட்டும் என்பது. இரத்தசோகை உள்ளவர்களுக்கு அது தடை செய்யப்பட்டதல்ல. என்றாலும் உங்கள் ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு பொருத்தலாம் என்பேன்.

அதுவரை ‘சாயா’ மாத்திரை நல்ல துணை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது, ஹார்மோன் இல்லாதது, பால் கொடுப்பவர்கள் சாப்பிடலாம், இரத்தப்போக்கையும் குறைக்கும். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. மஞ்சள் காமாலை வந்தவர்களும் சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசியும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்தான். ஆனால் அதை நிறுத்திய பின் கருத்தரிக்கப் பல மாதங்கள் தாமதமாகலாம். ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் அடுத்த கர்ப்பத்துக்கு முயலப்போகும் உங்களுக்கு அது என் முதல் தேர்வு அல்ல. கணவர் மாதம் இருமுறைதானே வருகிறார், ஆணுறை போதாதா என்றால், ஒவ்வொரு முறையும் தவறாமல் பயன்படுத்தினால் போதும். நடைமுறையில் ஆணுறையை மட்டும் நம்புபவர்களில் ஓராண்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் கருவுறுகிறார்கள். அவசர கால மாத்திரை எப்போதாவது ஒருமுறைக்கு உரியது. மாதம் இருமுறை அதையே நம்பக் கூடாது.

பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்தால்

முதலில் ஸ்கேன். கரு கர்ப்பப்பைக்குள் சரியான இடத்தில் இருக்கிறதா, பழைய தழும்பின்மேல் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது சிசேரியன் ஆனவர்களுக்கு மிக முக்கியம். சரியான இடத்தில் இருந்து நீங்கள் தொடர விரும்பினால், நெருக்கமான கண்காணிப்போடு நல்லபடியாகப் பெற்றெடுக்க எல்லா வாய்ப்பும் உண்டு. தொடர விரும்பவில்லையென்றால், 1971-ஆம் ஆண்டின் மருத்துவ ரீதியான கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021 திருத்தமும் உங்களுக்கு வழிவிடுகின்றன. 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும், 18 வயது நிறைந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே வேண்டும், உங்கள் பெயரை வெளியே சொல்வது குற்றம். எந்தக் காரணம் கொண்டும் மருந்துக்கடையில் யாரிடமாவது சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். தழும்பின்மேல் பதிந்த கருவுக்கும் கருக்குழாயில் தங்கிய கருவுக்கும் அந்த மாத்திரை வேலை செய்யாது. உள்ளே இரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

யாருடைய கையெழுத்து?

காப்பர் டி பொருத்தவும் எடுக்கவும் உங்கள் சம்மதம் மட்டும் போதும். குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சைக்கும், அதாவது மாமியார் சொல்லும் அந்த ‘ஆபரேஷனுக்கும்’, கணவரின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. மருத்துவமனையில் கேட்டால், பழக்கத்தால் கேட்கிறார்கள். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணிடம் படிவத்தை நீட்டுவதும் சம்மதம் பெறுவது ஆகாது. நீங்கள் அன்று வேண்டாம் என்று சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. கர்ப்ப காலப் பரிசோதனைகளின்போதே உட்காரவைத்து விளக்கியிருக்க வேண்டியது அவர்கள் கடமை. பீகாரின் அராரியா மாவட்டத்தில் 2012-இல் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே மருத்துவர் 53 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்த கொடுமையிலிருந்து எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2016-இல் அத்தகைய முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் கைவிடச் சொன்னதோடு, சம்மதம் என்பது விளக்கம் பெற்று, சிந்திக்க நேரம் கிடைத்துத் தருவதாக இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

கையெழுத்து தேவையில்லை என்பதால் கணவரை விலக்கிவைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது மருத்துவரிடம் இருவருமாகப் போங்கள். இரத்தப் பரிசோதனை முடிவையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியாரிடம் பேசும் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்ளட்டும். மருமகள் சொன்னால் எதிர்ப்பாகத் தெரிவது, மகன் டாக்டர் சொன்னதாகச் சொல்லும்போது அப்படித் தெரியாது. இரண்டாவது குழந்தைக்குப் பின் அறுவை சிகிச்சை என்று பேச்சு வரும்போது, ஆண்களுக்கான தழும்பில்லாத வாசெக்டமி பற்றியும் அவர் அந்த மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வயிற்றைத் திறக்க வேண்டாம், ஆண்மை குறையாது, மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லையென்று உறுதியாகும்வரை மட்டும் ஆணுறை வேண்டும். இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்க, கணவர் செய்துகொண்ட குடும்பங்கள் 0.3 விழுக்காடுதான். ஏற்கெனவே வயிறு கிழிபட்ட ஒரு பெண்ணின் கணவர் இதைப் பற்றி யோசிப்பதில் தவறில்லை. முடிவெடுக்க உங்கள் இருவருக்கும் இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.